‘நிரூபிக்கப்பட்டது’ என்னும் சொல்

கருவடிக்குப்பம் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குச் சித்தானந்த சுவாமி கோயிலும் பாரதியின் குயில் தோப்பும் நினைவில் எழும். ஆனால் அவ்வூர்ப் பெண்களின் கைப்பேசியிலும் இன்று வந்து விழுவது வேறொரு பாட்டு: ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை உண்டால் தோல் மூப்படையாதாம், அறிவியல் நிரூபித்துவிட்டதாம். சொல்லைப் போற்றும் நாம், ‘நிரூபித்தது’ என்ற சொல் இவ்வாறு களவாடப்படுவதைக் கண்டும் வாளாவிருக்கலாமா?

வெயில் தோலில் நிலையற்ற மூலக்கூறுகளைத் தோற்றுவிக்கிறது. அவை செல்களைச் சிதைக்கின்றன. வைட்டமின் சி, ஈ போன்றவை சோதனைக்குழாயில் அவற்றை அடக்குகின்றன. இவ்வளவும் மெய்யே. எனினும் சோதனைக்குழாய் வேறு, மனித உடல் வேறு.

புதுவையை நெடுங்காலம் ஆண்ட பிரான்சிலேயே இது சோதிக்கப்பட்டது. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம் கலந்த மாத்திரையோ வெற்று மாத்திரையோ 13,017 பேருக்குச் சுமார் ஏழரை ஆண்டுகள் தரப்பட்டது. 2007-இல் வெளியான முடிவு என்ன? சத்து மாத்திரை உண்ட பெண்களிடம் தோல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது! ஆண்களிடம் வேறுபாடில்லை. மாத்திரையை நிறுத்தியபின் அந்த மிகை மறைந்ததெனப் பிற்காலக் கண்காணிப்பு கூறியது.

ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 முதல் 1996 வரை மற்றோர் ஆய்வு. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் தோல் மூப்பை அளந்தபோது, நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியோரிடம் அது 24 விழுக்காடு குறைவு. பீட்டா கரோட்டின் மாத்திரையாலோ குறிப்பிடத்தக்க பயனில்லை.

“அவை வெள்ளையர் தோலில் நடந்தவை” என்பர் சிலர். மிக்க நன்று! அவ்வாறாயின் நம் தோலில் நடந்த பேராய்வைக் காட்டுங்கள். நிரூபிக்கும் கடமை விற்பவருடையதேயன்றி வாங்குபவருடையதன்று.

தோல்மீது பூசும் வைட்டமின் சி-க்குச் சிறு ஆய்வுகளின் ஆதரவு ஓரளவு உண்டு, அதை மறுக்கவில்லை. அந்தச் சான்றை விழுங்கும் மாத்திரைக்குக் கடன் கொடுப்பதையே எதிர்க்கிறோம். இத்தகைய துணையுணவுகளின் உறையில் ‘மருத்துவப் பயன்பாட்டிற்கன்று’ என அச்சிட வேண்டுமென்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விளம்பரம் உரக்கச் சொல்வதை உறையே மறுக்கிறது.

தோலில் மாற்றம் கண்டால் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. வெயிலுக்குக் குடையும் நிழலும் உண்டு. கீரைக்கும் நெல்லிக்காய்க்கும் விளம்பரம் தேவையில்லை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தை மாத்திரைக்கு நீட்டுமுன் ஒன்றைக் கேட்போம்: எந்த ஆய்வில், எத்தனை பேரிடம், எத்தனை ஆண்டுகள்?