மாமாவின் லாரியும் ஒரு குட்டி மீட்டரும்

என் மாமாவிடம் ஒரு பழைய தண்ணீர் லாரி இருக்கிறது. முடிச்சூர் பக்கம் நிரப்பி, மேடவாக்கம் அடுக்குமாடிகளில் இறக்குவார். ஒரு நடைக்கு 12,000 லிட்டர். அதாவது தண்ணீர் மட்டுமே 12 டன்!

போன கோடையில் அந்த லாரி தாம்பரம் மேம்பாலத்தில் ஏறவே முக்கியது. கறுப்புப் புகை வேறு. பின்னால் வந்த பைக்காரர்கள் மாமாவைத் திட்டாத திட்டில்லை. டீசல் சரியில்லை என்றார், பம்ப் சர்வீஸ் பண்ணினார், காசு கரைந்ததுதான் மிச்சம். கடைசியில் பெருங்களத்தூர் மெக்கானிக் அண்ணன் ஒரு ரப்பர் ஹோஸைக் கழற்றிக் காட்டினார். கிளாம்ப் போட்ட இடத்துக்கு அடியில் விரல்நீளக் கீறல். சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

"பூஸ்ட் மீட்டர் இருந்திருந்தா மொத நாளே காட்டிக் கொடுத்திருக்கும் சார்" என்றார் அண்ணன். அங்கே ஆரம்பித்தது இந்தக் கதை.

பூஸ்ட் என்றால் என்ன? என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். அதுதான் டர்போ. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று நம் பையனூரிலேயே டர்போ எனர்ஜி நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது. அமுக்கிய காற்று சூடாகிவிடும் என்பதால், நடுவில் இன்டர்கூலர் அதைக் குளிர வைக்கும். இந்தப் பாதையில் எங்கே காற்று கசிந்தாலும் டீசல் முழுசாக எரியாது. புகை வரும், இழுவை குறையும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். குறையும் காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். ஏற்கெனவே நிமிடத்துக்கு லட்சம் சுற்று வரை போகும் சாமான் அது. அதன் பேரிங் போனால் செலவு ஹோஸ் விலையில் நிற்காது.

சரி, மீட்டர் வாங்கலாம் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டது நான்தான். பார்க்க அழகாக, நீல வெளிச்சத்தோடு இருந்தது. மாமாவுக்குப் பொறுமை இல்லை. முந்தின ராத்திரியே லாரியின் சப்ளையில் தொட்டுப் பார்த்தார். ஒரு நொடி எரிந்தது. அப்புறம் கருகல் வாசனை!

"பாப்பா, இது 12 வோல்ட், காருக்கு. லாரி 24 வோல்ட் இல்ல?" என்று அண்ணன் சிரித்தார். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை 24 வோல்ட் மீட்டரோடு போனோம். சென்சாரை எங்கே வைப்பது என்பதுதான் பாதி வேலை. டர்போவை ஒட்டி வைத்தால் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், சூடும் அதிகம். என்ஜினுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று தெரிய வேண்டுமானால், இன்டர்கூலரைத் தாண்டி, இன்டேக் மேனிஃபோல்டிலோ அதற்கு முந்தைய பைப்பிலோ வைக்க வேண்டும். சில என்ஜின்களில் மேனிஃபோல்டிலேயே அடைத்து வைத்த துளை ஒன்று இருக்கும். மாமா லாரியில் வசதியாக எதுவும் இல்லை.

அண்ணன் அந்த இரும்புப் பைப்பைத் தனியாகக் கழற்றினார். "வண்டியில இருக்கும்போதே டிரில் போட்டா என்ன?" என்று கேட்டேன். முறைத்தார். ஒரு சுருள் இரும்புத் தூள் என்ஜினுக்குள் போனால் போதுமாம், சிலிண்டரைக் கீறிவிடும். பைப் மெல்லிசு என்பதால் மேலே ஒரு நட்டை வெல்டு வைத்து, துளையிட்டு, மரை போட்டு, டீசலில் கழுவி, காற்றடித்து, துணியால் துடைத்து, மறுபடியும் காற்றடித்தார். பத்து நிமிட வேலை என்று நினைத்துப் போன நான், அங்கேயே இரண்டு டீ குடித்தேன்.

சென்சாரின் மரையில் சீலன்ட் தடவும்போது நுனியில் இரண்டு சுற்றை விட்டுவிட்டார். உள்ளே பிதுங்கி சென்சாரின் வாயை அடைத்துவிடக் கூடாதே. ஒயரை எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் கேபினுக்குள் கொண்டுவந்து, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இணைப்பில், ஃப்யூஸ் வைத்துக் கொடுத்தார். கடைசியாக இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். நுரை கிளம்பவில்லை. கசிவில்லை.

ஒரு விஷயம். இதெல்லாம் பழைய வண்டிக்கு. பி.எஸ்-4, பி.எஸ்-6 லாரிகளில் பெரும்பாலும் கம்பெனியே பூஸ்ட் சென்சார் வைத்திருக்கும். அதன் ஒயரை வெட்டி மீட்டர் கொடுத்தால் என்ஜின் கம்ப்யூட்டர் குழம்பிவிடும், வாரன்டியும் சிக்கலாகும். சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

லோடு ஏற்றி மேம்பாலத்துக்குப் போனோம். நின்றபோது பூஜ்யத்தில் இருந்த முள், ஏற்றத்தில் மெதுவாக எழும்பி 1.3 பாரில் நின்றது. டயருக்குக் காற்றடிக்கும் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 19 பி.எஸ்.ஐ. லாரிகளில் முழு லோடில் 1 முதல் 2 பார் வரை சகஜம் என்றாலும், வண்டிக்கு வண்டி மாறும். எல்லாம் நல்லபடி ஓடும் நாளில் உங்கள் வண்டி காட்டும் எண்தான் உங்களுக்குக் கணக்கு. மாமா மீட்டர் கண்ணாடியில் 1.3-க்கு நேராகச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து போன் செய்தார். "ஏம்மா, முள்ளு டேப்பைத் தொட மாட்டேங்குது. 1.1-லயே நிக்குது."

"புகை வருதா மாமா?"

"இன்னும் இல்ல. சேலையூர் தாண்டி ஓரம் கட்டிட்டேன்."

ஹோஸ் எல்லாம் சரியாகவே இருந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்து தட்டினால், ஒரு படி புழுதி.