யூரியா மூட்டையும் குடிநீர்க் குழாயும்

நாடாளுமன்றத்தில் குடிநீர் மாசு குறித்து உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினால், தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று நினைவூட்டித்தான் அமைச்சரின் பதில் பெரும்பாலும் தொடங்கும். அரசியல் சட்டப்படி அது சரிதான். ஆனால், நைட்ரேட் விஷயத்தில் அந்தப் பதில் போதாது.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, வரம்புக்கு மீறிய நைட்ரேட் 2017-இல் 359 மாவட்டங்களில் காணப்பட்டது. 2023-இல் அது 440 மாவட்டங்களாகிவிட்டது. பரிசோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற இந்தியத் தர வரம்பைத் தாண்டியிருந்தது. ராஜஸ்தானிலும் கர்நாடகத்திலும் ஏறக்குறைய பாதி மாதிரிகள் இப்படி. தமிழகத்தில் 37 சதவீதம்.

ஃபுளூரைடு பல்லில் கறையாகவாவது தெரியும். நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. ஆறு மாதத்துக்குள்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். காய்ச்சினால் எந்தத் தண்ணீரும் சுத்தமாகிவிடும் என்பது வீடுதோறும் உள்ள நம்பிக்கை. இங்கே அது பொய்த்துப்போகிறது. நீர் ஆவியாகிறது, நைட்ரேட் தங்கிவிடுகிறது. காய்ச்சக் காய்ச்ச அதன் அடர்த்தி கூடும். சாதாரண வடிகட்டியும் அதை நீக்காது.

சாக்கடை, கழிப்பறை உறிஞ்சுகுழி, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றின் கழிவுக்கும் இதில் பங்குண்டு. எனினும், விவசாயப் பகுதிகளில் முக்கியக் காரணம் அளவுக்கு மீறிய தழைச்சத்து உரமே. 2010-இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது, பாஸ்பேட், பொட்டாஷ் உரங்கள் அதன் கீழ் வந்தன; யூரியா மட்டும் விலக்கி வைக்கப்பட்டது. மற்ற உரங்களின் விலை ஏறியது. 45 கிலோ யூரியா மூட்டையோ, வேம்புப் பூச்சுக் கட்டணமும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய்தான். மலிவாகக் கிடைப்பதை விவசாயி கூடுதலாக இடுவதில் வியப்பில்லை. பயிர் எடுத்துக்கொள்ளாத மிச்சம் பாசன நீரோடு கிணற்றுக்கு இறங்குகிறது. 2015-இல் வேம்புப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது நல்ல முடிவு. விலையில் கைவைக்கும் துணிவு மட்டும் அதன் பின்னும் ஆட்சிக்கு வரவில்லை.

யூரியா விலையை நிர்ணயிப்பது மாநிலங்கள் அல்ல, தில்லி. ஆனால், கேள்வி நேரத்தில் உரத்துறையின் முறை ஒரு நாள், ஜல் சக்தி அமைச்சகத்தின் முறை வேறொரு நாள். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கேட்கும் உறுப்பினர்கள் அரிது.

மானியக் கொள்கையைத் திருத்த ஆண்டுகள் ஆகலாம். திருத்தினாலும் நிலத்தடியில் சேர்ந்தது உடனே குறையாது. கைக்குழந்தைகள் அதுவரை காத்திருக்க முடியாது. ஆர்சனிக், ஃபுளூரைடு பாதித்த குடியிருப்புகளுக்கென 2017-இல் மத்திய அரசு தனித் துணை இயக்கமே தொடங்கியது. ஜல் ஜீவன் திட்டத்திலும், குடிக்கவும் சமைக்கவும் நபருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் சுத்திகரித்த நீர் வழங்க அக்குடியிருப்புகளுக்கு வழி செய்யப்பட்டது. அந்த முன்னுரிமை நைட்ரேட்டுக்குத் தரப்படவில்லை. 2028 வரை நீட்டிக்கப்பட்டுள்ள அத்திட்டத்தில் நைட்ரேட்டையும் சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றின் பரிசோதனை முடிவும் அந்த ஊர் அங்கன்வாடி ஊழியரின் கையில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளிடமும் இளந்தாய்மார்களிடமும் முதலில் பேசுபவர் அவர்தான்.