முந்துதலோ, உடன் செல்லுதலோ?

உடலினை ஓம்புதல் மாணவர்க்கு இன்றியமையாத கடன் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அதனை எவ்வாறு ஓம்புவது என்பதிலே கருத்து வேறுபாடு தோன்றுகின்றது. பரிசுக் கோப்பையும் கைதட்டலும் இன்றி, நண்பர் சிலர் தாமே கூடி, இரவு முழுதும் காட்டுவழியே ஓடியும் நடந்தும் நெடுந்தொலைவு செல்லும் வழக்கம் இந்நாளில் நம் மாணவர் சிலரிடையும் காணப்படுகின்றது. இதனை வீண் முயற்சி என்பார் ஒரு சாரார். வீரச் செயல் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் முழு உண்மை அல்ல என்பதே எமது துணிபு.

இத்தகைய ஓட்டம் உலகிற்குப் புதிதன்று. முதல் உலகப் போரில் மாண்ட தோழரை நினைந்து, தென்னாப்பிரிக்காவில் விக் கிளாப்பம் என்பார் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரினின்றும் டர்பன் நகர்வரை ஓர் ஓட்டத்தை 1921 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் நாள் நடத்தினார். அன்று புறப்பட்டவர் 34 பேர். சென்று சேர்ந்தவர் 16 பேரே. அவ்வோட்டத்தின் பெயரே ‘தோழர்’ எனப் பொருள்படுவது. பின்னர் 1974 ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் 100 மைல் குதிரைப் பந்தய வழியினைக் கார்டி ஐன்ஸ்லி என்பார் குதிரையின்றித் தம் கால்களாலேயே, கடும் வெயிலில், 23 மணி 42 நிமிடத்திற் கடந்தார். இவற்றைப் படித்த இளைஞர் உள்ளம் கிளர்ச்சியுறுதல் இயல்பே. எமதுள்ளமும் அவ்வாறே கிளர்ந்தது.

சென்ற கத்திரி வெயிற் காலத்தில், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நண்பர் எழுவர் காரைக்குடியில் ஒன்றுகூடினோம். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் சென்று, விடியுமுன் மீள்வது எமது எண்ணம்; போக்கும் வரவும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தார்ச்சாலையை இயன்றவரை விலக்கி, வண்டிப்பாதையும் கண்மாய்க்கரையுமே பற்றிச் செல்வதெனத் துணிந்தோம். மாலை ஏழு மணிக்குப் புறப்பட்டபோது, பகலெல்லாம் காய்ந்த செம்மண் அடுப்புக்கல் போன்று வெம்மையை உமிழ்ந்துகொண்டிருந்தது. இரவாயிற்றே, வெப்பம் என் செய்யும் என்று இறுமாந்தோம். அதுவே எமது முதற்பிழை.

திருப்பத்தூரினின்றும் திரும்பிப் பிள்ளையார்பட்டியை அணுகுகையில் மணி இரண்டு இருக்கும். எம்முள் ஒருவர் கால் தடுமாறினார். வினாவிற்கு அவர் கூறிய விடை தொடர்பின்றி இருந்தது. அப்புழுக்கத்திலும் குளிர்கின்றது என்றார். அப்போது, “ஒருவர் இவருக்குத் துணையிருக்கட்டும், மற்றவர் ஓடி முடிப்போம்” என்றொரு சொல் எழுந்தது. அச்சொல்லைச் சொன்னவர் யாமே என்பதை ஈண்டு மறையாது கூறுகின்றோம். வழியில் விழுந்து கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன இருவரின் கதையை இளமை முதல் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த யாமே அதனைச் சொன்னோம்! எம்மில் மூத்த நண்பர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. தரையில் அமர்ந்து தம் காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். ஒருவர்பின் ஒருவராக ஏனையோரும் அமர்ந்தனர். இறுதியில் யாமும் அமர்ந்தோம்.

சோர்ந்தவரைத் தாங்கிச் சென்று ஒரு வீட்டுத் திண்ணையிற் கிடத்தி, நனைந்த துண்டுகளால் உடம்பைத் துடைத்து விசிறினோம். அரவங் கேட்டு விழித்த ஆச்சி ஒருவர், யார் எவர் என்று கேளாமலே, அவர் தெளிவுற்றபின் உப்பிட்ட நீராகாரத்தைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார். விடிந்ததும் பேருந்தில் ஊர் திரும்பி மருத்துவரிடம் காட்டினோம்; நண்பர் நலமுற்றார். விடுதியில் மாணவர் சிலர் இன்றும் எம்மைப் ‘பேருந்து வீரர்’ என்று எள்ளுகின்றனர்.

அவ்வெள்ளலுக்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம். வியர்வை காற்றில் உலர்வதனாலேயே உடல் குளிர்கின்றது. புழுக்கம் மிக்க இரவில் வியர்வை எளிதில் உலராது. ஆதலின் கதிரவன் மறைந்தமையாலே இடரும் மறைந்ததெனக் கொள்ளல் தவறு. அறிவு தடுமாறுதல் வெப்பநோயின் கொடிய அடையாளம். அந்நிலையில் ஒருவரை நடக்கச் செய்தல் அவரைச் சாவிற்கு அருகே செலுத்துவதாகும். வெறுநீரை அளவின்றிப் பருகுதலும் தீங்கே. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் நகர நெடுவோட்டத்தில் ஓடியவருள் 488 பேரின் குருதியைச் சோதித்த மருத்துவர், நூற்றுக்குப் பதின்மூவர்க்கு உப்புச்சத்து அளவிற் குறைந்திருக்கக் கண்டனர். ஆச்சி அளித்த நீராகாரத்தில் உப்பும் இருந்தமையை எண்ணி வியந்தோம்.

எம் நாட்டார்க்கு இது பழகிய அறிவே. தைப்பூசத்திற்குக் காவடியுடன் பழனிக்கு நடந்து சென்று நடந்தே மீளும் நகரத்தாரைச் செட்டிநாட்டில் அறியாதார் யார்? 17 ஆம் நூற்றாண்டில் உப்பு வாணிகத்தின் பொருட்டுச் சென்றவரிடமிருந்து அத்தொடர்பு வளர்ந்ததென ஏட்டுச் சுவடிகள் வாயிலாக அறிஞர் கூறுவர். அவர்தம் செலவு வெயிலை வெல்வதற்கன்று. தைத் திங்களிற் செல்வது. தங்குமிடமும் உணவும் முன்னரே வகுக்கப்பெற்றது. முதியவரும் இளையவரும் கூட்டமாகவே செல்வது. முதலிற் சேர்ந்தவர் யாவரென்று அங்கே கேட்பார் இல்லை.

நம் இலக்கியமும் இதனையே காட்டும். பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம், வழிச்செல்லும் கூத்தர்க்கு எவ்விடத்தில் இடருண்டு, எவ்விடத்தில் உணவுண்டு, எங்குத் தங்குதல் நலம் என்றெல்லாம் விரித்துரைக்கின்றது. தான் பெற்ற வழியறிவைப் பின்வருவார்க்கு வழங்குதலே ஆற்றுப்படையின் உயிர். விரைந்து சென்றவனைப் புகழ நம் புலவர் தனியே ஒரு துறை வகுத்திலர். வழி காட்டியவனுக்கோ ஆற்றுப்படை என்றே ஒன்றை வகுத்தனர்.

அங்ஙனமாயின் இவ்விரவுச் செலவை விட்டொழித்தல் வேண்டுமோ எனின், வேண்டா என்போம். நிலவொளியில் ஊருணி மின்னுவதையும், உறங்கும் ஊர்களின் அமைதியையும், களைத்த நண்பனின் உண்மைப் பேச்சையும் வேறு எவ்வாறு பெறுவோம்? ஆனால் புறப்படுமுன் மூன்று உறுதிகள் வேண்டும். கத்திரி நாட்களை விலக்குக. உப்பும் நீரும் கிடைக்குமிடங்களை முன்னரே அறிந்து வைக்குக. யாவரினும் மெல்ல நடப்பவரின் நடையே அனைவர்க்கும் நடையாகுக; அவர் நின்றால் அனைவரும் நிற்க.

மூன்றாவதனை ஏற்க இயலாதார் தனியே ஓடட்டும், அவரைப் பழியோம். நண்பருடன் சென்றோம் என்று மட்டும் அவர் கூறாதிருப்பாராக. எஞ்சிய தொலைவு எம்மிடம் இன்னும் கடனாகவே நிற்கின்றது. வருகின்ற மார்கழியில், அதே எழுவருமாக, பிள்ளையார்பட்டியிலிருந்து அதனைத் தொடர எண்ணியுள்ளோம். எம்முடன் வர விரும்பும் அன்பர், முந்தும் எண்ணத்தை விடுதியிலேயே வைத்துவிட்டு வருக.