தலைநகரை நடந்து பார்க்க ஒரு வழி வேண்டும்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வேன் வாசலில் நிற்கிறது. நந்தி, விமானம், சண்டேச அனுக்கிரக மூர்த்தி, சிங்கமுகக் கிணறு என்று ஒரு சுற்று முடிந்ததும் வண்டி தாராசுரத்துக்கோ சிதம்பரத்துக்கோ கிளம்பிவிடுகிறது. கோயிலின் அழகில் யாரும் குறை காண முடியாது. ஆனால் முதலாம் இராசேந்திரன் இங்கே எழுப்பியது ஒரு தலைநகரம். கி.பி. 1025ஐ ஒட்டி உருவான இந்த நகரம், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழர் ஆட்சி முடியும்வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசின் இருக்கையாக இருந்தது. அந்த நகரத்தை ஒருவர் தாமாகவே, எங்கே எது இருந்தது என்று அறிந்தபடி நடந்து பார்ப்பதற்கு முறையான வழி இன்றுவரை இல்லை. அரியலூர் மாவட்டத்தில் சுற்றுலாவுக்கென்று எந்தப் புதிய கட்டடம் எழுப்புவதானாலும், அதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை இந்த நடைவழிதான்.

தலைநகரம் முழுக்க அழிந்துவிட்டது, இனி அதைத் தேடி என்ன பயன் என்று நினைப்பவர்கள் கல்வெட்டுகள் சொல்வதைக் கேட்கவேண்டும். சோழர் கல்வெட்டுகளில் இந்நகரின் வீதிகளே பெயரோடு வருகின்றன. இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி என்று அரசர் பெயர் தாங்கிய சாலைகள் இருந்தன. கூழையானை போன பெருவழி என்று ஒரு சாலைக்குப் பெயர். எந்த யானை, எப்போது போனது என்பதெல்லாம் மறைந்துவிட்டாலும், ஊர் மக்கள் வாயில் பிறந்த பெயர் என்பது கேட்டவுடனே தெரிகிறது. திருவாசல், வேம்புகுடி வாசல் என்று கோட்டை வாயில்கள், மதில்கள், சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை என்று அரண்மனைகள், மதுராந்தக வடவாறு என்று ஒரு நீர்வழி. அரசன் தலைநகரத் தெருவில் பவனி வருவதைப் பாடுவதற்கென்றே உலா என்ற இலக்கிய வகையை வளர்த்த மொழி நம்முடையது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்களுக்கு உலா பாடியிருக்கிறார். தெருவைப் பாடிய மரபுக்கு வாரிசாக இருந்துகொண்டு, அந்தத் தெரு எங்கே ஓடியது என்று காட்ட ஒரு கல்லைக்கூட நடாமல் இருப்பது பெரிய குறை.

நிலத்திலும் சான்று இருக்கிறது. கோயிலுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தொலைவில் மாளிகைமேடு. தமிழகத் தொல்லியல் துறை 1980களில் இங்கே அகழாய்வு செய்தது. 2021 முதல் மீண்டும் தோண்டியது. சுட்ட செங்கல்லால் கட்டிய அரண்மனையின் சுவர்கள் வெளிப்பட்டன. தூண்கள் மரத்தாலானவையாக இருந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள் மிஞ்சியிருக்கின்றன. கூரை வேய்ந்த தட்டையான சிறு ஓடுகளும், அவற்றைப் பிணைத்த இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் ஓட்டுத் துண்டுகளும் கிடைத்தன. அந்தச் சீன ஓட்டுத் துண்டு ஒன்று போதும், கடாரம்வரை கலம் செலுத்திய அரசின் தலைநகரில் வணிகம் எவ்வளவு தூரம் கைநீட்டியிருந்தது என்று புரிந்துகொள்ள. பக்கத்து ஊருக்கு உட்கோட்டை என்று பெயர். சுற்றுவட்டாரத்தில் ஆயுதகளம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான் என்று ஊர்ப்பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. படைக்கலம், மெய்க்காவல், கட்டட வேலை, கடல் கடந்த வெற்றி என நகரத்தின் பணிகளும் பெருமிதமும் அந்தப் பெயர்களில் பதிந்து கிடக்கின்றன. ஆனால் வெளியூர்க்காரருக்கு அவை பேருந்து நிறுத்தத்தின் பெயர்கள் மட்டுமே. ஒவ்வோர் ஊர் எல்லையிலும் நாலு வரியில் விளக்கம் எழுதிய ஒரு கல் நட்டால், அந்த வட்டாரம் முழுவதும் தலைநகரத்தின் வரைபடமாக விரியும்.

இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை அறிய நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. இலங்கையின் பொலன்னறுவை, சோழர் ஆட்சியில் சனநாதமங்கலம் என்ற பெயரோடு அத்தீவின் ஆட்சித் தலைமையிடமாக இருந்த ஊர். அங்கே போகும் பயணிகள் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டோ நடந்தோ அரண்மனை இடிபாடு, குளக்கரை, விகாரைகள், சோழர் கட்டிய சிவாலயங்கள் என்று பழைய நகரத்தைச் சுற்றி வருகிறார்கள். சோழர் கைப்பற்றிய ஊர் நகரமாகவே காணக் கிடைக்கிறது. சோழரின் சொந்தத் தலைநகரம் ஒற்றைக் கோயிலாகச் சுருங்கி நிற்கிறது. ஏதென்சில் 2004 ஒலிம்பிக்கை ஒட்டி அக்ரோபோலிஸ் அடிவாரச் சாலையில் வாகனங்களை விலக்கி, சிதறிக் கிடந்த பழைய இடங்களை ஒரே நடைபாதையால் இணைத்தார்கள். அதே 2004இல்தான் யுனெஸ்கோ கங்கைகொண்ட சோழபுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தத் தகுதியும் கோயிலுக்குக் கிடைத்ததே தவிர, நகரத்துக்குக் கிடைக்கவில்லை.

மாளிகைமேட்டில் பார்க்க என்ன இருக்கிறது, வெறும் செங்கல் அடித்தளம்தானே என்று கேட்பார்கள். இதைப் புறந்தள்ள முடியாது. தஞ்சை விமானத்தின் நேர்கோட்டு நிமிர்வையும், சோழபுரத்து விமானம் நடுவில் நெளிந்து மேலேறும் வளைவையும் ரசித்துப் பழகிய கண்ணுக்கு முழங்கால் உயரச் சுவர் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கிருந்த கட்டடங்கள் எப்படிக் குறைந்துபோயின என்பதும் இந்த ஊரின் வரலாறுதான். 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல்லெடுத்துப் போனார்கள். இன்று அணைக்கரைப் பாலத்தைக் கடந்து வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் சோழபுரத்துக்குள் நுழைகிறார்கள். அவர்களுக்கு அது தெரிவதில்லை. கோயிலில் தொடங்கி, உட்கோட்டை வழியாக மாளிகைமேட்டுக்கு நடந்து வருகிறவருக்கு அரண்மனைக்கும் கோயிலுக்கும் இடையிலான தூரம் காலிலேயே பதிந்துவிடும். எவ்வளவு பெரிய நகரம் இருந்த இடம் இது என்பதை அந்தத் தூரம் சொல்லும். புத்தகத்தில் படித்து அதை உணர்வது கடினம். அதனால்தான் செங்கல் அரண்மனைக்குப் பதில் சிமெண்டில் மாதிரி அரண்மனை கட்டலாம் என்கிற யோசனை யாருக்காவது தோன்றினால் அதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்கிறேன்.

வெயிலைக் காரணம் காட்டுவார்கள். அரியலூர், பெரம்பலூர் மண்ணில் சித்திரை, வைகாசி நண்பகலில் யாரும் நடக்க வேண்டாம். ஐப்பசி முதல் மாசிவரை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் நடை முடிந்து, டீக்கடையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட நேரம் மிஞ்சும். வழிநெடுகப் புங்கமும் வேம்பும் நட்டு, ஓரிரு இடத்தில் குடிநீரும் கழிப்பறையும் அமைத்தால் போதும். முதியவர்களுக்கு ஷேர் ஆட்டோ, இளைஞர்களுக்கு வாடகை சைக்கிள்; இரண்டையும் உள்ளூர் மகளிர் குழுக்களே நடத்தலாம்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. அரண்மனை இருந்த மண்ணின் மேல் இன்று மக்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள், வயல் உழுகிறார்கள். நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்ற ஒன்றிய அரசின் சட்டத்தோடு கோயிலடி மக்கள் ஏற்கெனவே மல்லுக்கட்டுகிறார்கள். சுற்றுலா என்றால் இன்னும் ஒரு தடைதான் வரும் என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. எனவே நடைவழி இருக்கிற ஊர்ச்சாலைகளிலும் வண்டிப்பாதைகளிலும் மட்டுமே போகவேண்டும். ஒரு சென்ட் பட்டா நிலம்கூட எடுக்கக்கூடாது. எந்தத் தெரு வழியாக, எந்த வீட்டருகே கல் நடுவது என்பதைக் கிராம சபை முடிவு செய்யட்டும். வேனில் வருகிறவர் கோயில் வாசலில் ஒரு இளநீரோடு போய்விடுகிறார். நடந்து வருகிறவர்தான் ஊருக்குள் காசு செலவழிப்பார், சிலர் இரவு தங்கவும் செய்வார்கள். தங்கினால் மறுநாள் மேலப்பழுவூரோ, வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகமோ, பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூர்க் கல்மரமோ, ரஞ்சன்குடிக் கோட்டையோ அவர் பட்டியலில் சேரும்.

பிறகு ஏன் இது நடக்கவில்லை? கோயில் ஒன்றிய தொல்லியல் துறையிடம், மாளிகைமேடு மாநிலத் தொல்லியல் துறையிடம், ஏரி நீர்வளத் துறையிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், தெரு ஊராட்சியிடம். ஒவ்வொருவரும் தங்கள் எல்லைக்குள் நல்ல வேலை செய்தாலும், ஓர் எல்லையிலிருந்து அடுத்ததற்கு நடக்கும் மனிதர் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. 2025இல் மாநில அரசு இங்கே புதிய அருங்காட்சியகத்தையும், இன்று பொன்னேரி எனப்படும் சோழகங்கம் ஏரியைச் சீரமைப்பதையும் அறிவித்தது. இரண்டுமே வரவேற்க வேண்டியவை. கங்கை வெற்றியின் நினைவாக இராசேந்திரன் வெட்டிய அந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீரால் ஆன வெற்றித்தூண் என்று போற்றுகிறது. வடக்குத் தெற்காக 16 மைல் நீளக் கரை கிடந்ததை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. கரையைப் பலப்படுத்தும்போதே அதன்மேல் நடக்க ஒரு மண்பாதை விட்டால் பெரிய செலவில்லை. அருங்காட்சியகத்தைத் திறக்கும் நாளிலேயே அதன் வாசலில் நடைவழியின் முதல் கல்லும் இருக்கவேண்டும்.

மாவட்ட ஆட்சியர் ஐந்து துறையினரையும் ஒரே மேசையில் அமர்த்தி, வழியைக் குறித்து, தமிழில் வரைபடம் அச்சிட்டு, கைபேசியில் இறக்கிக்கொள்ளவும் வைத்தால் இராசேந்திரன் பிறந்தநாளான அடுத்த ஆடித் திருவாதிரைக்குள் முதல் கட்டத்தை முடித்துவிடலாம். அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை சோழபுரம் போகும்போது வண்டியைக் கோயிலடியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, மாளிகைமேட்டுக்கு வழி கேட்டு நடந்து போய்ப் பாருங்கள்.