பேட்டரிப் பெட்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது?

மாணவர்களே, செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வீடமைப்புப் பகுதிகள் பெருகிவரும் புஞ்சாக் ஆலாமில், துளையிடவும் புல் வெட்டவும் பேட்டரிக் கருவி வாங்குவோர் பலர். அப்பாவோ மாமாவோ வாங்கப் போனால் நீங்களும் உடன் செல்லுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

'3 ஆம்பியர்-மணி' என்றால், 1 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 3 மணி நேரம் தரும் என்று பொருள். பேட்டரியில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்பதை அது சொல்லாது. அதை அறிய வோல்ட்டால் பெருக்க வேண்டும். 12 வோல்ட், 3 ஆம்பியர்-மணி பேட்டரியில் 36 வாட்-மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியிலும் அதே 36தான்.

'20 வோல்ட்' பேட்டரிக்குள் பெரும்பாலும் 3.6 வோல்ட் லித்தியம்-அயன் கலங்கள் ஐந்து தொடராக இருக்கும். கூட்டினால் 18 வோல்ட்தான். முழுதாக மின்னேற்றிய வேளையில் மட்டுமே 20ஐத் தொடும்.

தொடராக இணைத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர்-மணி கூடாது. 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட கலம் பொதுவாக 3.5 ஆம்பியர்-மணியைத் தாண்டுவதில்லை. அத்தகைய ஐந்தே கலங்கள் உள்ள மலிவுப் பேட்டரியில் '6 ஆம்பியர்-மணி' என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். ஏமாந்தால் போவது உழைத்த காசு.

விமானப் பயணிகளின் பேட்டரிக்கு வரம்பு வைப்பதுகூட வாட்-மணியில்தான். பொதுவாக 100 வரை தனி அனுமதி தேவையில்லை. அந்த எண்ணையே பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை கடையில் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.