இடம் பார்த்தலும் காலம் பார்த்தலும்

காணி வாங்கப் புறப்படும் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் அக்காணியை ஒருமுறை பார்த்து அமைவதில்லை. மாரியில் ஒருகாற் சென்று வெள்ளம் எங்கே தேங்குகின்றது என்று நோக்குவான். ஆவணி புரட்டாதியில், மழை ஓய்ந்து பல மாதம் கழிந்தபின், மீண்டுஞ் சென்று கிணற்று நீரை வாயிலிட்டுச் சுவைப்பான். மாரியில் நன்னீராயிருந்த கிணறு வரட்சியில் உவர்த்தல் நமது சுண்ணக்கல் நிலத்தில் நிகழ்வதொன்று. நல்ல காலத்தில் எந்தக் காணியும் நல்ல காணியாகவே தோன்றும். ஆதலின் அதன் கெட்ட காலத்தையும் அவன் பார்க்கின்றான்.

பத்துப் பரப்புக் காணிக்கு இத்துணை விசாரஞ் செய்யும் நம்மவர், குடும்பத்தோடு கடல் கடந்து குடியேறுதற்கு இடந் தேடும்போது மட்டும் இவ்வறிவை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுகின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர்ப் பிறநாடு நோக்கும் எண்ணம் நம் நடுத்தரக் குடும்பங்களிற் பெருகியிருக்கின்றது. ஆசிரியர், எழுதுவினைஞர், ஓய்வூதியர் எனப் பலரும், "ஆடி ஆவணியில் ஒருமுறை கனடாவுக்குப் போய் இடத்தைப் பார்த்து வருவோம், பிடித்துக்கொண்டால் இங்குள்ளதை விற்றுவிட்டுப் போய்விடுவோம்" என்று பேசக் கேட்கின்றோம். செல்லுதல் தவறென்று யாம் சொல்ல வரவில்லை. இடம் பார்த்தற்கு அவர்கள் தெரிந்தெடுக்கும் பருவமே தவறு என்கின்றோம்.

திருக்குறட் பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் வலியறிதல்; 49 காலமறிதல்; 50 இடனறிதல்; 51 தெரிந்துதெளிதல். அரசனுக்குச் சொல்லியனவாயினும் குடும்பத் தலைவனுக்கும் இம்முறை பொருந்தும். இடனறிதற்கு முன்னே காலமறிதல் நிற்றலை நோக்குக. தொல்காப்பியரும் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார்; நிலத்தை மட்டும் முதல் என்றாரல்லர். பொழுதோடு கூடாத நிலம் நம் பொருளிலக்கணத்தில் இல்லை. கோடையில் மட்டும் ஒரு குளிர்நாட்டைப் பார்த்து வந்தவர் அந்நிலத்தின் பாதியையே பார்த்து வந்தவராவர்.

ரொறன்ரோ நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஜூலை மாதத்துப் பிற்பகல் வெப்பம் 26, 27 பாகை செல்சியஸ். நமது மார்கழிப் பகலும் ஏறக்குறைய அத்தகையதே. ஜூன் இறுதியில் ஞாயிறு மறைய இரவு 9 மணியாகும். கோயில்களில் தேரும் திருவிழாவும் அக்காலத்திலே நிகழ்கின்றன. உறவினர் வேலைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு நயாகரா நீர்வீழ்ச்சியைக் காட்டி மகிழ்விப்பர். வந்தவர் விருந்தினர், விருந்தினருக்கு எந்த ஊரும் இனிதே.

அதே நகரில் ஜனவரி மாதத்துச் சராசரி, சுழியத்துக்குக் கீழ் 4 பாகை. கடுங்குளிர் இரவுகள் சிலவற்றில் அது கீழ் 20 வரையும் இறங்கும். வினிப்பெக், எட்மன்ரன் முதலிய மேற்குப்புற நகரங்களில் இதனினுங் கடுமை. டிசம்பர் இறுதியில் மாலை 4.45 மணிக்கே ஞாயிறு மறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. ரொறன்ரோவில் அஃது ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்டது. கோடையிற் பூங்காவில் உலாவிய முதியவர், மாரியில் வழுக்கும் நடைபாதைக்கு அஞ்சி, மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் பகல் முழுதும் வீட்டுக்குள்ளே தனித்திருக்க நேர்கின்றது. குடியேறுவோர் அறியவேண்டியது அந்தப் பகலை.

இங்கே சொல்லும் நம்மை மயக்குகின்றது. முன்பனி பின்பனி என்று ஆறு பருவத்துள் இரண்டனை வகுத்த நம் முன்னோர் பனி என்றது, புல்லின் நுனியில் நின்று வெயில் ஏறியதும் மறையும் நீரை. வாகனம் வெளியேற வழியின்றி முற்றத்தை மூடிக் கிடக்க, மண்வாரியால் வாரி ஒதுக்கவேண்டிய பொருளுக்கும் இன்று அச்சொல்லையே வழங்குகின்றோம். புலம்பெயர்ந்தோர் சிறுகதைகளை எஸ்.பொவும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்து 1994இல் வெளியிட்டபோது அதற்குப் 'பனியும் பனையும்' என்று பெயரிட்டனர். இருநிலத்து வாழ்வையும் அவ்விரு சொற்களில் அடக்கியது பொருத்தமே. பனையை அறிந்த நாம் அந்தப் பனியை அறிந்தோமில்லை.

கோடைப் பயணத்தில் மற்றொரு குறையும் உண்டு. பிள்ளைகளின் கல்விக்காகவே போகின்றோம் என்று பலர் கூறுவர். ஆனால் ஒன்ராறியோவில் ஜூலை, ஆகஸ்ட் இரு மாதமும் பாடசாலைக்கு விடுமுறை. செப்டெம்பரிலேதான் வகுப்புத் தொடங்கும். எதன்பொருட்டுக் குடிபெயர எண்ணினாரோ அதனையே காணாது மீள்கின்றார். கண்ணாற் பார்த்தலால் அறியவொண்ணாதனவும் உள. மொன்றியல் நகரிலும் நம்மவர் வாழ்கின்றனர். கியூபெக் மாகாணத்தில், 1977ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மொழிச் சட்டத்தின்படி, குடியேறியோர் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சு மொழிப் பாடசாலைகளிலே பயிலவேண்டும். அம்மாகாணத்துச் சட்டம் வேறு, அயல் மாகாணத்துச் சட்டம் வேறு என்பதை வீதியும் வீடும் சொல்லமாட்டா.

இனி வலியறிதல். இங்கே இருபது ஆண்டு கற்பித்த ஆசிரியர் அங்கே அரச பாடசாலையிற் கற்பிக்க, அம்மாகாணத்தின் உரிமச் சான்று பெறவேண்டும். மருத்துவருக்கும் பொறியியலாளருக்கும் இத்தகைய விதிகள் உள. பார்வையாளர் விசாவிற் சென்றவர் உத்தியோகம் பார்த்துத் தம் வலியைச் சோதிக்கவும் இயலாது. ஆதலின், "எனது கல்விக்கும் வயதுக்கும் அங்கே என்ன தொழில்?" என்னும் வினாவுக்கு விமானத்தில் ஏறுமுன்னரே எழுத்தில் விடை பெற்றிருத்தல் வேண்டும்.

தெரிந்துதெளிதல், யாரை ஆராய்ந்து நம்புவது என்பதனைக் கூறும் அதிகாரம். இவ்விடயத்தில் யாரை நம்புவது? கட்டணம் வாங்கும் முகவரையா, இரு மாதம் சுற்றி வந்து படங் காட்டுபவரையா? 1986 ஆகஸ்ட் மாதத்தில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மிதந்து மீனவரால் மீட்கப்பட்டனர். 1983இன் பின் ஓடியவர்களுக்கு இடம் பார்க்கவும் காலம் பார்க்கவும் வாய்ப்பிருக்கவில்லை. உயிரே பெரிதாயிருந்தது. நிலவறைகளில் வாடகைக்கிருந்து, இரவும் பகலும் உழைத்துப் பல மாரி கண்ட தலைமுறை அது. அவர்களிடம் வீட்டின் விலையைக் கேட்கும் நாம் முதல் மாரியைப் பற்றிக் கேட்பதில்லை.

"நம் முன்னோர் மலாயா செல்லவில்லையா?" என்பாரும் உளர். சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்றனர். ஆனால் இளைஞன் முதலில் தனியே சென்றான், உழைத்தான், ஊர் மீண்டு மணமுடித்துப் பின்னரே மனைவியை அழைத்துச் சென்றான். சில ஆண்டு இருந்து பார்த்ததே அவன் இடம் பார்த்த முறை. மலாயாவோ நிலநடுக்கோட்டுக்கு அண்மைய நாடு; மாரியும் கோடையும் அவனை ஏமாற்றவில்லை.

பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை கோடையிலன்றோ எனின், அவர்களைக் காணச் செல்வோர் கோடையிலே செல்க. அப்பயணத்துக்கு இடம் பார்த்தல் என்று பெயரிடற்க. இடம் பார்க்கச் செல்வோர் நத்தார் விடுமுறை கழிந்ததும் செல்க; அப்போது விமானக் கட்டணமும் பெரும்பாலும் ஜூலையினுங் குறைவு. பார்வையாளருக்குப் பொதுவாக ஆறு மாதம்வரை தங்க இடமளிப்பதால், தை தொடங்கிப் பங்குனி முடியத் தங்கலாம். தமிழ் வாழ்வைக் காண்பதற்கும் தை தகாத மாதமன்று. கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றிருக்கின்றது. பேருந்துக்குக் காத்து நின்று பார்க்க. பாடசாலை விடும் நேரம் வாயிலில் நின்று பிள்ளைகள் தம்முள் எம்மொழி பேசுகின்றனர் என்று கேட்க. வீட்டை வெப்பமாக்கும் செலவை உறவினரிடம் கூச்சமின்றி வினாவுக.

இவ்வளவும் பார்த்து, அங்கே வாழலாம் என்று துணிவோர் போய் நன்றாக வாழட்டும். பார்த்து அஞ்சி மீள்வோருக்கும் நட்டமில்லை. அவர்கள் மீள்வதற்கு ஒரு வீடிருக்கும். நமது கவலையெல்லாம், ஒரு கோடையைக் கண்டு வந்து, முதுசக் காணியையும் கிணற்றையும் விற்றுவிட்டு, அடுத்த மாரியிலே அந்நாட்டை முதன்முறை பார்ப்பவர்களைப் பற்றியதே. ஒரு மாரியை அங்கே கழிக்குமுன் உறுதியிற் கையொப்பம் இடவேண்டாம்.