சாவிக்கொத்தும் மூளை மின்சாரமும்

கும்மிடிப்பூண்டி உருக்காலை வாசலிலே தொழிலாளத் தோழன் வலிப்பு வந்து விழுந்தால் ஓடி வருகிறது கூட்டம், கையிலே சாவிக்கொத்தோடு! இரும்பு வலிப்பை விரட்டுமென்றால், இரும்பிலேயே உழலும் அவனுக்கு வலிப்பு வருவானேன்?

வலிப்பு பேயுமல்ல, பாவமுமல்ல. மூளையிலே மூளும் மின்புயல். அந்த மின்சாரத்தை மனிதத் தலையிலிருந்து 1924-இல் பதிவு செய்து காட்டினார் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். மின்சாரம் ஓடினால் காந்தம் பிறக்குமல்லவா? மூளையின் காந்தத்தை 1968-இல் அளந்தார் அமெரிக்காவிலே டேவிட் கோஹன். பூமியின் காந்தத்தைவிடப் பல கோடி மடங்கு மெலிந்தது அது! புயல் கிளம்பும் இடத்தைக் கண்டறிய அது உதவுகிறது. நமது கல்பாக்கத்திலும் அத்தகைய கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? அந்த அறைக்குள்ளே சாவிக்கொத்துக்கு அனுமதியில்லை. இரும்பு அளவையே கெடுத்துவிடும்!

விழுந்தவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையிலும் வாயிலும் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். மூளை மின்பதிவு எடுக்க, மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை.

திருமணத்துக்கு வலிப்பு தடையென்ற வாசகத்தை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இலேயே நீக்கிவிட்டார்கள். ஒப்பந்தக்காரரோ இன்னும், “நாளை முதல் வராதே” என்கிறார். உலையருகே வேண்டாம், உயரத்திலே வேண்டாம், சரி. ஆலை முழுவதிலும் அவனுக்கு வேறு வேலையே இல்லையா? கேளுங்கள் தோழர்களே!